இத்தாலியில் பாடிய ஒப்பாரி

...சுருக்கமாப் பேசுங்கன்னு பின்னாடியிருந்து சட்டையை இழுக்குறாங்க. இழுக்கட்டும். புயல்ல போய்த் திரும்பாத நம்ம பிள்ளைங்களைப் பத்திப் பேசத்தானே கூப்பிட்டீங்க? அதைத்தான் பேசப் போறேன். முதல்ல ஒரு நடந்த கதை. சின்னதுதான். கேளுங்க.

நமக்கு வடக்கே இருக்கிற குப்பத்துல அஞ்சலாட்சின்னு ஒரு அம்மா. சாவு வீட்டுல ஒப்பாரி சொன்னா கல்லும் கரையும். என் தங்கச்சி மகன் தயாபரன் ஒரு கலைக்குழு நடத்துறான். அந்தம்மாவையும் அதுல சேர்த்திருந்தான். மேடையில அந்தம்மா பாடுறது எப்பவும் செத்துப்போன தன் புருஷனுக்குத்தான். ஏன்? சாவு இல்லாம ஒப்பாரி இல்ல. யார் பேரைச் சொல்லிப் பாடுறோமோ, அவங்க செத்தவங்க. அது நம்ம வழக்கம்.

அந்தம்மாவுக்கு ஒரே மகன், மதியழகன். கடலுக்குப் போனான்... வரல. படகும் வரல, உடம்பும் வரல. ஊர்ல என்ன சொன்னாங்க? "காரியம் பண்ணிடு, மருமக பொட்டை அழிச்சிடு"ன்னாங்க. அந்தம்மா விட்டுச்சா? "உடம்பைக் கொண்டாந்து காட்டு, அப்புறம் வாயத் திற!" மருமக தேன்மொழி தாலியோட இருந்தா. மாமியாரும் மருமகளும் கலெக்டர் ஆபீசுக்கு நடையா நடந்தாங்க, "தேடுங்க, தேடுங்க"ன்னு.

அப்போ இத்தாலியிலிருந்து தயாபரனுக்கு அழைப்பு வருது. மலை மேல ஒரு பழைய ஊர். வருஷா வருஷம் அங்க பெரிய கலை விழா நடக்குமாம். உலகம் பூரா இருந்து ஆடுறவங்க, பாடுறவங்க, நாடகக்காரங்க வருவாங்களாம். இவங்களும் போனாங்க. கால் கட்டைவிரல்ல நின்னு ஆடுற வெள்ளைக்காரப் பிள்ளையப் பார்த்துட்டு அஞ்சலாட்சி கேட்டுச்சாம்: "ஏன்டா தம்பி, அந்தப் புள்ளைக்குக் குதிகால்ல முள்ளு குத்தியிருக்கா?" குழுவே சிரிச்சுதாம்.

அந்தச் சிரிப்பு ஒரு சுவரொட்டியைப் பார்த்ததும் போச்சு. அந்த வருஷம் விழாவுக்குத் தலைப்பு, கடல். தயாபரன் வாய் சும்மா இருக்குமா? விழா நடத்துற அம்மாகிட்ட மதியழகன் கதையைச் சொல்லிட்டான். அவங்க ஊர் பூரா ஒட்டிட்டாங்க... 'கடலில் மகனை இழந்த தாய் பாடுகிறார்.'

"என்னடா எழுதியிருக்கு?"

இவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னான்.

"அடப்பாவி! என் புள்ள சாகலடா! செத்துப்போன உங்க மாமாவுக்குப் பாடுறேன், எத்தனை பாட்டு வேணும்?"

"அக்கா, ஒட்டியாச்சுக்கா. மாத்திப் பாடினா நம்ம குழுவை இனிமே எவன் கூப்பிடுவான்? இங்க எவனுக்கு நம்ம பேச்சுப் புரியப் போவுது? எத்தனையோ கடல் தாண்டி வந்திருக்கோம். இங்க சொன்னா ஊர்ல சொன்னதாயிடுமா?"

அந்தம்மா யோசிச்சுது. நம்ம சாவு வீடு இல்ல, நம்ம மண்ணு இல்ல, கேட்கிறது நம்ம சனம் இல்ல... சரி, பேரைச் சொல்லாமப் பாடிடுவோம்னு எழுந்துச்சு.

மாதா கோயிலுக்கு முன்னாடி கல் பாவின பெரிய முற்றம். சனம் நெருக்கியடிச்சு உட்கார்ந்திருக்கு. "என் தங்கமே, என் ராசாவே"ன்னுதான் ஆரம்பிச்சுது. ஆனா ஒப்பாரி நம்ம இஷ்டத்துக்கு நிக்குமா? தாய்மாருங்களே, நீங்க சொல்லுங்க, நிக்குமா? அடக்கி அடக்கி வச்ச வயிறு...

"எனக்குக் கொள்ளி வைக்கிற கையை
கடலு தின்னக் குடுத்தேனே...
மதியழகா..."

வந்துடுச்சு. பேர் வந்துடுச்சு.

சாவு வீடா இருந்தா நாலு பொம்பளைங்க ஓடி வந்து கட்டிப் பிடிச்சுச் சேர்ந்து அழுவாங்க. அங்க என்ன பண்ணாங்க தெரியுமா? கை தட்டினாங்க. விடாமத் தட்டினாங்க. அந்தம்மா தயாபரனைப் பார்த்து, "எதுக்குடா தட்டுறாங்க?"ன்னு கேட்டுச்சாம்.

தவில்காரன் ஒருத்தன் பெருமைக்காக அதைப் போன்ல அப்படியே நேரலையா ஊருக்குக் காட்டிக்கிட்டு இருந்திருக்கான். அது அந்தம்மாவுக்குத் தெரியாது.

ஊர் திரும்பி வந்து வீட்டு வாசல்ல பெட்டியை வைக்குது. தேன்மொழி வெளியில வர்றா. நெத்தி வெறும் நெத்தி. கழுத்து வெறும் கழுத்து.

"என்னடி இது? யாருடி பண்ணது?"

"நானேதான் அத்த. ஊரு சொன்னப்ப நான் நம்பல. நீங்க பாடிட்டீங்களே."

"அது பாட்டுடி! மேடையில பாடின பாட்டுடி!"

"நமக்கு எப்ப அத்த ஒப்பாரி வெறும் பாட்டா இருந்துச்சு?"

அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்த வீட்டிலிருந்து மதியழகனைத் தேடச் சொல்லிக் கலெக்டர் ஆபீசுக்கு ஒருத்தரும் போகல. எந்த அதிகாரியாவது வீடு தேடி வந்து, "ஏம்மா வரலை?"ன்னு கேட்டானா? அவனுக்கு வேலை மிச்சம்!

இதை ஏன் சொல்றேன்?

நம்ம பிள்ளைங்களைத் தேடப் போன கப்பலை அதிகாரிங்க திருப்பிக் கூட்டிக்கிட்டாங்க. ஹெலிகாப்டரை நிறுத்திட்டாங்க. நிறுத்தினவங்களே இன்னிக்கு நமக்குப் பந்தல் போட்டுக் குடுத்திருக்காங்க, நாற்காலி போட்டிருக்காங்க. என் தலைக்கு மேல பேனர்ல என்ன எழுதியிருக்கு? கண்ணீர் அஞ்சலி. யாரைக் கேட்டு எழுதினீங்க? எந்தத் தாய் சொன்னா, எம்புள்ள செத்துட்டான்னு?

இவங்க வாயால அதைச் சொன்னா நாம கேள்வி கேட்போம். அதனால நம்ம வாயால சொல்ல வைக்கிறாங்க. நாம அழுதுட்டா, அவங்க தேட வேண்டியதில்ல. நல்லா அழுதீங்கன்னு தோள்ல தட்டிக் குடுத்துட்டுப் போயிடுவாங்க.

நான் அதிகம் படிக்காதவன். பிடிவாதக்காரன்னு பேர் எடுத்தவன். இருக்கட்டும். இப்போ மௌன அஞ்சலி, எல்லாரும் எழுந்து நில்லுங்கன்னு மைக்ல சொல்லப் போறாங்க. எழுந்து நின்னா ஒத்துக்கிட்டோம்னு ஆயிடும்.

நான் உட்காரப் போறேன்... இந்தத் தரையிலேயே. கப்பல் மறுபடி கிளம்புற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்.

நீங்களும் உட்காருங்க.