மே மாதத்தில் கறுக்காத பாட்டில்கள்

வறுத்த மல்லாட்டைக் கடலையை வைத்துத் தின்பதற்கு வடிகட்டித் தாளை மிஞ்சிய தாள் கிடையாது, சார். உப்பு சிந்தாது, கையில் பிசுபிசுப்பு ஏறாது. எங்கள் பரிசோதனைக்கூடத்தில் வடிகட்டித் தாள் ஏன் இவ்வளவு தீர்கிறது என்று மேலிடத்திலிருந்து ஒருமுறை கேட்டிருந்தார்கள். தண்ணீர் அவ்வளவு கலங்கலாக வருகிறது என்று பதில் எழுதிவிட்டேன். அதையும் நீங்கள் விசாரிக்கிற குற்றத்தோடு சேர்த்துக்கொள்வதானால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பெயர் ராஜாமணி. வயது அறுபத்தாறு. ஓய்வு கொடுத்த பிறகும் ஒப்பந்தத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற இந்த நீரேற்று நிலையத்துக்கு, பக்கத்து ஊர்த் தண்ணீரெல்லாம் கேனில் வரும். நான் சோதித்துச் சொல்வேன், ஊர் குடிக்கும். அவ்வளவுதான் என் வேலை.

வருஷா வருஷம் மே மாதத்தில் நான்கு பிள்ளைகள் பயிற்சிக்கு வருவார்கள். பதினோராம் வகுப்பு முடித்தவர்கள். பதினேழு வருஷமாக அவர்களைப் பார்த்துக்கொண்டவன் நான்தான். முதல் நாள் பயந்துபோய் வருவார்கள். அவர்களைச் சிரிக்கவைக்க ஒரு கதை வைத்திருக்கிறேன். ஒரு புயல் வருஷத்தில் குழாய் வழியாக வந்த தண்ணீர்ப் பாம்பு என் அளவுக் கண்ணாடிக் குழாய்க்குள் தலையை நுழைத்து நின்றது, தலையின் அளவை மட்டும் படித்துப் பார்த்தேன், இருபத்து மூன்று புள்ளி நான்கு மில்லிலிட்டர் வந்தது, பதிவேட்டில் ஏற்றினேன். இந்த வருஷம் இசைவாணி என்ற பிள்ளை, விடுமுறையில் வீட்டில் விட ஆளில்லை என்று தங்கை ரோஜாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ரோஜாவுக்கு ஏழு வயது. அவள் மட்டும்தான் அந்தக் கதையைக் குறுக்கு விசாரணை செய்தாள்.

“தலை உள்ள இருந்தா வாலு எங்க தாத்தா இருந்துச்சி?”

“வாலு விழுப்புரத்துல இருந்துச்சிம்மா. அங்க ஒருத்தர் மிதிச்சிட்டாரு, இங்க இது நாக்கை நீட்டுது.”

“சும்மா ரீல் வுடாதீங்க தாத்தா,” என்றாள். பெரிய அதிகாரிகள்கூட என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

பயிற்சியில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் சொந்த ஊர்த் தண்ணீரைக் கொண்டுவந்து, தன் கையாலேயே சோதிக்க வேண்டும். சோதனை எளியது. கையடக்கமான ஒரு கண்ணாடி பாட்டில், அடியில் ஒரு சிட்டிகை மருந்துத் தூள். கோடு வரை தண்ணீர் ஊற்றி, சூட்டு அலமாரியில் ஒரு நாள் வைக்க வேண்டும். மஞ்சளாகவே இருந்தால் குடிக்கலாம். சாக்கடை கலந்திருந்தால் மைபோலக் கறுத்துவிடும். கடைசி வெள்ளிக்கிழமை விழுப்புரத்திலிருந்து பெரிய அதிகாரி வருவார். பாட்டில்களில் பிள்ளையின் பெயரும் ஊரின் பெயரும் ஒட்டி மேசைமேல் நிறுத்தியிருப்போம். பிள்ளைகள் பின்னால் நிற்பார்கள், போட்டோ எடுப்போம், சான்றிதழ் கொடுப்போம். முடிவை அந்தந்த ஊராட்சிக்கும் அனுப்புவோம்.

முதல் வருஷம் ஆனந்தராஜ் என்றொரு பையனின் பாட்டில் கறுத்தது. அவன் பள்ளிக்கூடத்துத் தொட்டித் தண்ணீர் அது. அதன்பின் ஒன்றரை மாதம் நான் பட்ட பேஜாரு கொஞ்சமில்லை. மறுசோதனை, விளக்கக் கடிதம், ஒரு மெமோ. அந்த நாலு பிள்ளைகளின் சான்றிதழ்களும் ஆடி மாதம் வரை பெட்டியிலேயே கிடந்தன. அவர்கள் முகம் எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து, பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்கு வேப்பமரத்தடிக்குப் போகிற நேரத்தில், அவர்கள் கேன் ஒவ்வொன்றிலும் நாலு சொட்டு பிளீச்சிங் கரைசல் விட ஆரம்பித்தேன். அரை மணி நேரத்தில் கிருமி செத்துவிடும். சாப்பிட்டுக் கை கழுவி வந்து அவர்களே பாட்டிலில் ஊற்றுவார்கள். மறுநாள் எல்லாம் மஞ்சள்.

தப்பாக நினைக்கக் கூடாது. மற்ற பதினோரு மாதமும் என் கணக்கு சுத்தம். போன ஐப்பசியில் மட்டும் ஒன்பது ஊருக்குக் கறுப்பு என்று நானே எழுதி அனுப்பியிருக்கிறேன். மே மாதம் பிள்ளைகளுடையது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இசைவாணிக்கு மேட்டுக்காலனி. மற்றப் பிள்ளைகள் ஏதோ ஒரு குழாயில் பிடித்துக்கொண்டு வருவார்கள். இவள் அப்படி வரவில்லை. ரோடு போடுகிறேன் என்று தோண்டியவர்கள் தண்ணீர்க் குழாயை உடைத்து, சாக்கடைக்குள்ளேயே ஒட்டுப்போட்டு மூடிவிட்டார்களாம். பன்னிரண்டு நாளாகக் காலனியில் யாரும் தொட்டித் தண்ணீரைக் குடிக்கவில்லை. ஒரு விவசாயியின் பம்புசெட்டில் போய்க் குடம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அவரும் சனிக்கிழமையோடு மோட்டாரைக் கழற்றிப் பழுதுபார்க்கக் கொண்டுபோகப் போவதாகச் சொல்லிவிட்டார். இதையெல்லாம் செவ்வாய்க்கிழமை காலையில், கேனை மேசைமேல் வைத்துவிட்டு அவளே சொன்னாள்.

“பாட்டிலு கறுத்துச்சின்னா லாரித் தண்ணி வுடறேன்னு ஆபீசுல சொல்லிட்டாங்க சார். பேப்பரு இல்லாம வுட முடியாதாம். எங்க தெருவே இதுக்குத்தான் பாத்துக்கினு இருக்குது.”

“கறுக்கலன்னா?”

“கறுக்கலன்னா நல்ல தண்ணின்னு அர்த்தம் சார். குடிச்சிக்குவோம்.”

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. விஞ்ஞான மனசு என்பது அதுதான்.

மதியம் அவர்கள் சாப்பிடப் போனார்கள். நான் பிளீச்சிங் கரைசலை எடுத்தேன். யோசிக்கவில்லையா என்று கேட்பீர்கள். யோசித்தேன். கேன் கலங்கலாக இருந்தது, அதனால் நாலுக்குப் பதில் ஆறு சொட்டு விட்டேன்.

கெட்டிக்காரப் பெண். திரும்பி வந்து மூடியைத் திறந்ததும் முகர்ந்து பார்த்தாள்.

“பிளீச்சிங் வாசனை வருது சார். எங்க தொட்டியில பிளீச்சிங் பவுடரு போட்டு ரெண்டு வருசம் ஆவுது.”

“இங்க செவுத்துலயே அந்த வாசனைதாம்மா. என் சட்டையை மோந்து பாரு. எங்க வீட்ல எனக்குக் கல்யாணச் சாப்பாடு போட்டாலும் பிளீச்சிங் பவுடருதான் மணக்கும்.”

மற்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு ஊற்றினாள்.

புதன்கிழமை பாட்டில் பொன்போல மஞ்சளாக நின்றது. அவள் அதை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். “லாரி வராதா சார் அப்போ?” என்றாள். வராதும்மா, தேவையில்லை, உங்க தண்ணி நல்லாருக்குது, ஜல்தி போய் சந்தோசமாச் சொல்லு என்றேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் காலனி நம்பியிருக்காது. ஊராட்சியிலிருந்து முன்பே ஆள் வந்து சொல்லிப் பார்த்திருக்கிறார், காலனிக்காரர்கள் அவரைத் துரத்தி அடித்திருக்கிறார்கள். இது அவர்கள் வீட்டுப் பிள்ளை, தன் கையாலேயே பரிசோதித்தது. வீடு வீடாகப் போய்ச் சொன்னாளாம். முதல் டம்ளரை எல்லோர் முன்னாலும் அவளும் ரோஜாவும் குடித்துக் காட்டினார்களாம்.

வெள்ளிக்கிழமை விழா நன்றாக நடந்தது. போட்டோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இசைவாணியின் அம்மா வேணி, கேப்பை அடை சுட்டு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். எனக்கென்று தனியாக ஒரு பொட்டலம். அடையைத் தின்றேன், வெந்ததுதானே. பிறகு ஒரு பாட்டிலைத் திறந்து டம்ளரில் ஊற்றினாள்.

“எங்க தொட்டித் தண்ணிதான் சார். நீங்க சொன்னப்புறம்தான் வவுத்துல பாலு வாத்த மாதிரி இருக்குது. குடிங்க.”

பல் கூசுகிறது என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த செவ்வாய்க்குள் பத்தொன்பது பேர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். புதன்கிழமை லட்சுமியம்மாள் என்ற கிழவி போய்ச் சேர்ந்தாள். வியாழக்கிழமை விடிகாலையில் ரோஜா. ஏழு வயது உடம்பில் தண்ணீர் நிற்காவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று டாக்டர் சொன்னாராம். அது சரிதான், கொள்ளளவு குறைவு.

ரோஜா போய்ப் பத்தாம் நாள் இசைவாணி பரிசோதனைக்கூடத்துக்கு வந்தாள். தனியாக. சத்தம் போடவில்லை. என்னைக் கேட்கவும் வரவில்லை, சார். தன்னைக் கேட்டுக்கொள்ள வந்திருந்தாள். ஒவ்வொரு படியாக ஒப்பித்தாள், எங்கே தவறினோம் என்று. கேனை எப்படிக் கழுவினாய் என்று கேட்டேன்.

“சுடுதண்ணி ஊத்தி மூணு தபா அலசினேன் சார். சுத்தமா இருக்கணும்னு.”

“ஆறவெச்சியா?”

அவள் யோசித்தாள். “தெரியல சார்.”

“அதான்மா. கேன்ல சூடு தங்கியிருக்கும். புடிச்ச தண்ணியில இருந்த கிருமி அந்தச் சூட்டுலயே செத்திருக்கும். பாட்டிலு எப்படிக் கறுக்கும்?”

“நல்லாக் கழுவணும்னு பண்ணதுதான் தப்பாப்பூட்டுச்சா சார்?” என்று கேட்டாள். புதிதாகச் சோதிக்கிற எல்லோருக்கும் வருகிற தவறுதான் என்று சொல்லி, தலையில் கைவைத்துத் தேற்றி, பஸ்ஸுக்கு அனுப்பினேன். போன வாரம் உங்களிடம் அவள் கொடுத்த வாக்குமூலத்தில் இருக்கிற சுடுதண்ணீர்க் கதை அப்படி வந்ததுதான். தண்ணீர்ச் சோதனை அறிக்கையிலும் ‘பரிசோதித்தவர்: இசைவாணி, பயிற்சி மாணவி’ என்றே இருக்கிறது. அந்த வரி உண்மை. ஊற்றியது அவள்தான்.

இதோடு நீங்கள் கோப்பை மூடியிருக்கலாம். ஆனால், குமரேசன் சார், உங்கள் பரிந்துரையின் கடைசி வரியை ஆபீசில் படிக்கக் கேட்டேன். இனிமேல் மாணவர்களைப் பரிசோதனைக்கூடத்துக்குள் விடக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்களாம். ஒரு பிள்ளையின் கைத்தவறுக்காக வரப்போகிற பிள்ளைகளையெல்லாம் தடுப்பது நியாயமில்லை. அதற்காகத்தான் நானே உங்களைத் தேடி வந்தேன். பிள்ளைகள்மேல் தவறு இல்லை. அவர்கள் அடுத்த மே மாதமும் வரட்டும்.

அப்படியானால் முழுவதையும் சொல்லிவிட வேண்டும்.

கேன்களில் சொட்டு விடுவதற்கு முன்னால், ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, என் திருப்திக்காகத் தனியாக ஒரு பாட்டிலில் ஊற்றி, அலமாரியின் கீழ்த்தட்டில் பஞ்சுக் கட்டுக்குப் பின்னால் வைப்பேன். பதினாறு வருஷமாக அப்படித்தான். ஒரு ஊரின் தண்ணீர் உண்மையில் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் இருப்பது எனக்கு ஒத்துவராது. தொழில் தெரிந்தவனுக்கு அது அசிங்கம். அந்தப் பாட்டில்கள் பல வருஷம் கறுத்திருக்கின்றன. எத்தனை என்று எழுதி வைத்ததில்லை. மேட்டுக்காலனி பாட்டிலுக்கு ஒரு நாள் முழுதும்கூடத் தேவைப்படவில்லை. புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு நான் கதவைத் திறந்தபோதே கறுத்திருந்தது. அப்படி ஒரு கறுப்பை என் சர்வீசில் பார்த்ததில்லை. அழகாகக்கூட இருந்தது. ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள் என்பதால் கை கழுவும் தொட்டியில் கொட்டி, பாட்டிலைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அதன் பிறகுதான் அவளுடைய மஞ்சள் பாட்டிலை எடுத்து அவள் கையில் கொடுத்து, ஊரில் போய்ச் சொல்லச் சொன்னேன். அவர்கள் குடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நோய் வரும் என்றும் தெரியும். இத்தனை பேர் என்றுதான் தெரியாது.

எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இசைவாணியிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். அவள் ஸ்கூலுக்குப் போவதில்லை, யாரோடும் பேசுவதில்லை, ஒரு நாளைக்கு இருபது தடவை கை கழுவுகிறாள் என்றெல்லாம் கேள்விப்பட்டேன். இந்த நிலைமையில் இதையும் கேட்டால் மனசு உடைந்துபோவாள், சார். என்மேல் அவ்வளவு மரியாதை வைத்திருக்கிற பிள்ளை.