பக்கத்து இருக்கை

அடுத்தவர் காதில் இருந்த ஹெட்செட்டைத் துடைக்காமல் நான் மாட்டிக்கொள்வதில்லை. இருபத்திரண்டு வருடமாக வீடியோ கேம் பெட்டிகளைப் பழுது பார்க்கிறேன். ஊரில் பாதிப் பேரின் காது அழுக்கு எனக்கு அத்துப்படி. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து இரண்டு முறை துடைப்பேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் வேலையில் சுத்தமானவன். பொறுப்பில்லாதவன் என்று இதுவரை யாரும் என்னைச் சொன்னதில்லை. நீங்களும் அப்படி எழுதிவிடக் கூடாது, மேடம்.

வெளியே ஸ்டேஷன் பெஞ்சில் தலையைக் கையால் தாங்கி உட்கார்ந்திருக்கிறாரே, அவர் போன வருடம் ஒரு புது மாடல் பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே விசிறி கரகரவென்று சத்தம் போட்டது. நிலம் அளக்கும் உத்தியோகம், காடு மேடு என்று அலைகிறவர். பத்து நாளில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். நாலு மாதம் ஆள் எட்டிப் பார்க்கவில்லை.

விசிறி மாற்றிய பெட்டியைச் சும்மா மூடிக் கொடுத்துவிட முடியாது. கனமான விளையாட்டு ஒன்றை மூன்று மணி நேரம் ஓட்டி, சூடு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். வாடிக்கையாளரின் கணக்கு அதில் திறந்தபடியே இருக்கும். நாங்கள் அதை மூடுவதில்லை. மூடினால், பாஸ்வேர்டு மறந்துபோச்சு என்று நம் கழுத்தைப் பிடிப்பார்கள். அப்படி ஓட்டிய அன்று சாயங்காலம் ஆறு மணிக்குத் திரையின் ஓரத்தில் ஒரு செய்தி வந்து விழுந்தது.

"குட்டி, அப்பாதான். புது லாரி கேம் வாங்கிட்டேன். ஒரே ஒரு ட்ரிப் வாடா."

மேலே தள்ளிப் பார்த்தேன். அதே மாதிரி நாற்பத்தேழு செய்திகள். ஒரு நாளைக்கு ஒன்று, எல்லாம் ஆறு மணிக்கு. ஒன்றுக்கும் பதில் இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. "வரேன்ப்பா" என்று தட்டினேன். ஆரம்பத்தில் நான் செய்தது அவ்வளவுதான்.

அந்த விளையாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்காது. இப்போது எல்லாரும் அதில்தான் கிடக்கிறார்கள். பனி கொட்டும் மலைப்பாதையில் ஒருவர் லாரி ஓட்ட வேண்டும். இன்னொருவர் பக்கத்து இருக்கையில் வரைபடத்தைப் பார்த்து வழி சொல்ல வேண்டும். அந்த இருக்கை காலியாக இருந்தால் வண்டி நகராது. இளவட்டங்கள் பள்ளத்தில் உருண்டு சிரிப்பதற்கென்றே அதை ஓட்டுவார்கள். இந்த அப்பாவோ முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஈ காக்கை இல்லாத சாலையில் சிவப்பு விளக்குக்கு நின்றார். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தார். சீட் பெல்ட் போட்டாயா என்று என்னைக் கேட்டார். அந்த விளையாட்டில் சீட் பெல்ட்டே கிடையாது, மேடம். போட்டுவிட்டேன் என்று தட்டினேன்.

அவர் மைக்கில் பேசுவார், நான் எழுத்தில் பதில் தருவேன். என் மைக் கெட்டுவிட்டது என்று சொல்லிவைத்திருந்தேன். மைக் பழுது பார்க்கிறவனிடம் ஒரு நல்ல மைக் இல்லை. நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும். தினமும் ஆறு மணிக்குக் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அவர் பேசப் பேசத்தான் கதை தெரிந்தது. சம்சாரம் தவறியபோது மகன் வேலை வேலை என்று இருந்து, எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்திருக்கிறார். இனி என் வாசல்படி ஏறாதே என்று இவர் சொல்லிவிட்டார். இரண்டு பேருமே ரோஷக்காரர்கள். இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுடா," என்றார் ஒரு நாள். விடுங்கப்பா என்று தட்டினேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு வண்டியைக் கிளப்பினார். ஒரு மனிதருக்கு அந்த நிம்மதியைக் கொடுத்தது யார், நீங்களே சொல்லுங்கள். பெஞ்சில் இருப்பவரா?

என்னை யாரும் குட்டி என்று கூப்பிட்டதில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். காப்பகத்தில் வளர்ந்தவன். அங்கே துணி மாறிப் போகாமல் இருக்க எல்லாருக்கும் ஒரு எண் கொடுப்பார்கள். அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

நாலு மாதம் கழித்து மகன் பெட்டியை வாங்க வந்தார். போர்டு எரிந்துவிட்டது, என் தப்புதான் என்று அதே மாடலில் வேறொன்றை எடுத்து வைத்தேன். பாஸ்வேர்டை அதற்கு முன்பே மாற்றியிருந்தேன். பழைய கணக்கு அவருக்குத் திறக்கவில்லை. பெட்டி போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கவுண்டர் தூசியில் விரலால் கோடு போட்டபடி நின்றார்.

"அண்ணே, அந்தக் கணக்குல எங்கப்பா தெனமும் மெசேஜ் போட்டுட்டிருந்தார். நான் பதிலே போடல. இப்ப போடலாம்னு பார்த்தேன்."

போனில் பேசுவதுதானே என்று கேட்டேன். குரலைக் கேட்டால் தனக்கு வாய் திறக்காது, விளையாட்டு என்றால் பேசாமலே பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம் என்றார். அன்று சாயங்காலம் நாங்கள் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு மூன்றாவது கணவாயைத் தாண்ட வேண்டியிருந்தது. இருப்பது ஒரே ஒரு இருக்கை.

"எரியறதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ் கண்ணுல பட்டுது தம்பி. சொல்லவே சங்கடமா இருக்கு. இனிமே என்னைத் தேடாதேன்னு போட்டிருந்தார்," என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. புதுப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அன்று கணவாயில் பெரியவர் அருமையாக ஓட்டினார்.

இனி அந்தக் கேட்ரிட்ஜ் விஷயம். பழைய விளையாட்டுகளை இப்போது புதுசைவிட ஆசையாகத் தேடி வாங்குகிறார்கள். என் கடையில் பாதி வேலை அதுதான். இவர்கள் வீட்டிலும் பழைய பெட்டியில் செருகி ஆடும் கேட்ரிட்ஜ் ஒன்று இருந்தது. மகனுக்கு எட்டு வயதில் வாங்கிய கப்பல் விளையாட்டு. அப்பாவும் பிள்ளையும் பதினோராவது தீவு வரை போய் அப்படியே நிறுத்தியிருந்தார்கள். கப்பலுக்கு அம்மாவின் பெயரை வைத்திருந்தார்கள். அந்தக் காலத்துக் கேட்ரிட்ஜில், ஆட்டத்தை விட்ட இடம் மறக்காமல் இருப்பது உள்ளே இருக்கும் ஒரு சின்ன பேட்டரியால். அது தீர்ந்தால் கப்பலும் போச்சு, தீவும் போச்சு. எப்போது தீருமோ என்று பயமாக இருக்கிறது, உனக்குத் தெரிந்த கடை ஏதும் இருக்கிறதா என்று பெரியவர் கேட்டார். என் கடை முகவரியையே கொடுத்தேன். கூரியரில் வந்தது. பார்சலின் மேல் அவருடைய முகவரி, போன் நம்பர் எல்லாம் அழகான கையெழுத்தில் இருந்தன. அந்தச் சீட்டை வெட்டி என் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொண்டேன்.

பழைய பேட்டரியைக் கழற்றிப் புதுசை வைக்கும்வரை வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வயர் ஒரு நொடி விலகினால் எல்லாம் அழிந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தேன். ஒன்றும் அழியவில்லை. மூடுவதற்கு முன் மார்க்கரால் உள்பக்கத்தில் தேதியும் என் குறியும் போட்டேன். வட்டத்துக்குள் ஒரு புள்ளி. அடுத்து எப்போது மாற்ற வேண்டும் என்று தெரிவதற்காக இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். கை தானாகப் போட்டுவிட்டது. திரும்பிப் போன கேட்ரிட்ஜை ஓட்டிப் பார்த்துவிட்டு, உங்கம்மா அங்கேயே நிக்கிறாடா என்று பெரியவர் அழுதார்.

பெரியவர் தவறிய பிறகு வீட்டை ஒழிக்க வந்த மகன் அதை ஓட்டிப் பார்த்திருக்கிறார். கப்பல் நின்ற இடத்தில் நின்றது. இத்தனை வருடம் எந்த பேட்டரி தாங்கும் என்று சந்தேகப்பட்டுத் திறந்திருக்கிறார். உள்ளே என் பில்லில் இருக்கும் அதே குறி. அந்த மெசேஜைப் பற்றி நான் அவரிடம் சொன்ன நாளுக்கு இரண்டு மாதம் பிந்திய தேதி. நேற்று கடைக்கு வந்து, திறந்த கேட்ரிட்ஜைக் கவுண்டரில் வைத்தார். சத்தம் போடவில்லை. "அண்ணே, எங்கப்பாவை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். மழுப்பியிருக்கலாம். ஆனால் பொய் சொல்வது எனக்குக் கைவராத காரியம்.

அவருக்கு இவ்வளவுதான் தெரியும். நீங்களும் ஆள்மாறாட்டம் என்று எழுதி மூடிவிடப் பார்க்கிறீர்கள். மிச்சத்தை நானாகத்தான் சொல்கிறேன். சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்தரை ஆகிறது, ஆறுக்குள் முடித்துவிடலாம்.

கடைசி நாள் கிளம்பி இருபது நிமிடம் இருக்கும். லாரி திடீரென்று மெதுவாகியது. இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, முறையாக ஓரம் கட்டினார். அதற்குப் பிறகுதான் சொன்னார்.

"குட்டி, நெஞ்சை அடைக்குதுடா. போன் உள்ரூம்ல கிடக்கு, எந்திரிக்க முடியல. யாரையாவது அனுப்பு."

பயப்படாதீங்கப்பா, நான் இருக்கேன் என்று தட்டினேன். என் போன் ஸ்குரூடிரைவர் பக்கத்திலேயே இருந்தது. அவருடைய முகவரி கண்ணுக்கு நேரே சுவரில் இருந்தது. நான் பதறவில்லை, நிதானமாக யோசித்தேன். ஆம்புலன்ஸ் போகும். ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர் யார் என்று கேட்பார்கள். மகனுக்குச் சொல்லி அனுப்புவார்கள், அவர் ஓடி வருவார். அழுவார்கள், பேசுவார்கள். குட்டியின் மைக் எப்போது சரியாயிற்று என்று பெரியவர் கேட்பார். அத்தோடு என் ஆறு மணி முடிந்தது. எப்படிக் கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் அவர் எனக்கு இல்லாமல் போவார். அதனால் போனைத் தொடவில்லை.

ஆனால் எழுந்து போகவும் இல்லை. ஹெட்செட்டைக் கழற்றவில்லை. இருபத்தைந்து நிமிடம். கண்ணாடியில் பனி விழுந்துகொண்டே இருந்தது, வைப்பர் அதைத் தள்ளிக்கொண்டே இருந்தது. இருக்கேன்ப்பா, இருக்கேன்ப்பா என்று தட்டிக்கொண்டே இருந்தேன். அவர் படித்தாரா, தெரியாது. மூச்சு இழுத்தது. பிறகு இடைவெளி விட்டு இழுத்தது. பிறகு வைப்பர் சத்தம் மட்டும்தான். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்தார்களாம்.

அன்றிலிருந்து எந்த ஹெட்செட்டைச் சோதித்தாலும் அதற்குள்ளே அந்த மூச்சு கேட்கிறது. புதுசு, பழசு, வயரே இல்லாதது, எல்லாவற்றிலும். இரண்டு முறை துடைப்பதை நாலு முறை ஆக்கினேன். போகவில்லை. அதற்காக நான் வருத்தப்படுவதாக எழுத வேண்டாம். கடைசி நேரத்தில் பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படாத அப்பா உண்டா? நான் இருந்தேன்.

ஒரே ஒரு குறைதான். நடுவில் ஒரு தடவை அவர் பேச்சு தெளிவாக வந்தது.

"நீ குட்டி இல்லேன்னு தெரியும்ப்பா. ரொம்ப நாளாவே தெரியும். பரவால்ல. யாரையாவது கூப்பிடு."

மூளைக்கு ரத்தம் போகாவிட்டால் அப்படித்தான் பிதற்றுவார்களாம். பெற்ற பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். பாவம், அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.