நந்தினி மா

பயறு வறுக்கும்போது அடுப்படியை விட்டு எழும்பக் கூடாது. சற்றுப் பராக்குப் பார்த்தால் அடிப்பிடித்துவிடும். ஒரு பிடி கருகினாலும் மா முழுவதும் கைக்கும், பிள்ளைகள் துப்பிவிடும். மடியில் ஒன்று கிடக்க, முதுகில் ஒன்று தொங்க, நான் அந்த அடுப்பின் முன்னால் இருந்தேன். என் மா ஒருநாளாவது கருகியிருந்ததா என்று கொடிகாமத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், தங்கச்சி. இப்போது என்னைக் கண்டால் காறித் துப்புகிறவர்கள்கூட அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

நீங்கள் கேட்கிறீர்கள், நான் சொல்லுகிறேன். ஒளிக்க ஒன்றும் இல்லை. ஆனால் இடையிலே நிறுத்தி ஏன் அழவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள். உங்களுக்கு முதல் வந்து விசாரித்தவர் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். அழ வேண்டிய நேரத்திலெல்லாம் எனக்கு அடுப்புப் பார்க்கிற வேலை இருந்தது. அதனால் பழக்கம் விட்டுப்போய்விட்டது.

என் பெயர் மீனாம்பிகை. சொந்த இடம் காங்கேசன்துறை. என் கணவர் தியாகராசா சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தொண்ணூறாம் ஆண்டு மறுபடி சண்டை தொடங்கி, கடற்கரைப் பக்கத்துச் சனமெல்லாம் உடுத்த உடுப்போடு ஓடியபோது, என் கையில் பிறந்து சில கிழமையே ஆன இரட்டைப் பெண்குழந்தைகள் இருந்தார்கள். நந்தினி, கௌரி. மூத்தவள் துஷ்யந்தி அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். நடுவிலே குமரன். முதலில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் நாலு குடும்பத்தோடு ஒரு குடும்பமாய்க் கிடந்தோம். தொழிற்சாலை தரவேண்டிய சம்பளத்தைக் கேட்டு வாங்கி வருகிறேன் என்று கொழும்புக்குப் போன மனுசன் திரும்பவில்லை. இருக்கிறாரா இல்லையா என்று இன்றுவரை தெரியாது. அவரைப் பற்றி இதற்குமேல் என்னிடம் கேட்பதில் பயனில்லை.

அந்த வகுப்பறையிலேதான் கௌரிக்கு வயிற்றோட்டம் பிடித்தது. நந்தினிக்குப் பிடிக்கவில்லை. இதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பேரில் ஒருத்தியைப் பிரித்து வைத்தது நான் அல்ல, அந்த வயிற்றோட்டம். நான் பிறகு செய்ததெல்லாம் இருந்ததை இருந்தபடியே வைத்துக்கொண்டதுதான்.

கொடிகாமத்தில் என் தகப்பனுக்குத் தெரிந்த ஒருவருடைய தென்னங்காணியில், மூலையில் ஒரு சின்ன வீடு பூட்டிக் கிடந்தது. அங்கே வந்து சேர்ந்தோம். எங்கள் ஊர்ச்சனம் ஆளுக்கொரு திசையாய்ப் போய்விட்டது. அந்த ஒழுங்கையின் வீடுகளில் என்னை முன்பின் அறிந்தவர் ஒருவரும் இல்லை. சாமான்கள் வடக்கே வராமல் அரசாங்கம் தடை போட்டிருந்த காலம் அது. பால்மா தகரத்தைக் கடையில் கண்ணால் காண முடியாது. கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் எல்லாரும் எதைக் கொடுப்பது என்று தெரியாமல் தவித்தார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த யோசனை வந்தது. சிவப்பரிசி, பயறு, குரக்கன், கொஞ்சம் கச்சான் கடலை. தனித்தனியே வறுத்து, உரலில் இடித்து, அரித்து, பழைய பத்திரிகைத் தாளில் சரை கட்டி வைத்தேன்.

வீட்டிலிருந்து ஒரு பொருளைச் செய்வது பெரிய காரியமில்லை, தங்கச்சி. அது இருக்கிறதென்று ஊருக்குத் தெரியவைப்பதுதான் பாடு. உங்களுக்கென்றால் சுவரொட்டி ஒட்ட ஆள் இருக்கும், ஒலிபெருக்கி கட்டி ஓட வாகனம் இருக்கும். நான் வாசல் படலையிலே கரியால் எழுதிய ஒரு பலகையைத் தொங்கவிட்டேன். பிள்ளையார் கோயிலில் சிரட்டையிலே கொஞ்சம் கொஞ்சமாய்ச் சும்மா கொடுத்துப் பார்த்தேன். சும்மா வாங்கினார்கள், பிறகு வரவில்லை. சந்தையிலே ஒரு கடைக்காரர் சுருட்டுக் கட்டுக்கு மேலே நாலு சரையை வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "ஓடி வந்தவள் என்னத்தை இடிச்சாளோ" என்று கிணற்றடியில் கதைத்தது என் காதிலும் விழுந்தது. நல்ல மா வீட்டிலே வண்டு பிடித்துக் கிடந்தது. குமரன் பசியில் வெறும் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுருண்டு படுத்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வெளியே போகும்போது நான் கௌரியைத்தான் தூக்கிக்கொண்டு போவேன். நோஞ்சான் என்பதால் விட்டுவிட்டுப் போனால் அழுதே மூச்சடங்கிப் போவாள். நந்தினியைத் துஷ்யந்தி பார்த்துக்கொள்வாள். கௌரியைக் கண்ட பெண்கள் உச்சுக் கொட்டிப் பாவம் என்பார்கள், அவ்வளவுதான். ஒருநாள் கௌரி காய்ச்சலில் நித்திரையாகிவிட்டாள். நந்தினியைத் தூக்கிக்கொண்டு சங்கக்கடைக்குப் போனேன். இரண்டு பேருக்கும் வெளியே போட்டுக்கொள்ள ஒரே ஒரு பூப்போட்ட சட்டைதான் இருந்தது. முகமும் ஒரே முகம். நிவாரண அரிசிக்கு நீண்ட வரிசை. எனக்கு முன்னால் நின்றவள் பாலேஸ்வரி, எங்கள் ஒழுங்கைக்காரி. அவளும் கைக்குழந்தைக்காரி. திரும்பிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இஞ்சை, உது அண்டைக்குத் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளையே? எலும்பும் தோலுமாய்க் கிடந்ததெல்லே. இப்ப கன்னமும் கையும் பொம்மிப்போச்சு. என்ன குடுத்தனீர்?"

எனக்கு இரட்டைப் பிள்ளை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தும்விட்டேன். ஆனால் வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் திரும்பி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அகதியாய் வந்த நாளிலிருந்து ஒருவரும் அப்படி என்னை நிமிர்ந்து பார்த்ததில்லை.

"ஓம், அவள்தான். என்ரை மாதான் குடுத்தனான்" என்றேன்.

அன்றைக்குப் பின்னேரமே படலை திறந்துகொண்டு வந்துவிட்டார்கள். பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டார்கள், நந்தினி என்றேன். மாவுக்கும் நந்தினி மா என்றே பெயர் விழுந்துவிட்டது. துஷ்யந்தி புதுச் சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் போனாள். குமரன் முட்டை சாப்பிட்டான். பாலேஸ்வரியின் பிள்ளை என் மாவைத் தின்று தளதளவென்று வந்தது. இதிலே யாரை ஏமாற்றினேன் என்று சொல்லுங்கள். சொன்ன விதம் பிழையாய் இருக்கலாம், கொடுத்த சாமான் பிழையில்லை.

கௌரிக்கும் கொடுத்தேன். அதை மறைத்து ஒருவரும் கதைக்க வேண்டாம். காய்ச்சல் விட்டபிறகு காலையும் மாலையும் காய்ச்சிப் பருக்கினேன். சில கிழமைக்குள் அவளுக்கும் கன்னம் வைத்தது. சிரிக்கவும் தொடங்கினாள். அப்போது இரண்டு பேரையும் அருகருகே கிடத்திப் பார்த்தால் எனக்கே மாறிப்போகும்.

எங்கள் ஒழுங்கையிலும் சந்தைப் பக்கத்திலும் வாங்கக்கூடியவர்கள் எல்லாரும் வாங்கிவிட்டார்கள். தொழில் என்றால் புது இடம் பார்க்க வேண்டும். அடுத்த ஊரான மிருசுவிலுக்கு நடந்துபோனேன், நந்தினியை இடுப்பிலே வைத்துக்கொண்டு. ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. கொழுத்த பிள்ளையைப் பார்த்து யார் நிற்கப்போகிறார்கள்? அது பிறப்பிலேயே கொழுத்தது என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். முதலில் மெலிந்த பிள்ளையைக் காட்ட வேண்டும். அவர்கள் பாவம் என்று சொல்ல வேண்டும். கொஞ்சக் காலம் கழித்துக் கொழுத்த பிள்ளையோடு போய் அதே இடத்தில் நிற்க வேண்டும். அப்போதுதான் தாய்மாருக்கு நம்பிக்கை வரும். அன்றைக்கு வெறும் கையோடு வீடு வந்து, மாக் கஞ்சி காய்ச்சி நந்தினிக்குக் கொடுத்தேன். கௌரிக்குச் சோறு வடித்த கஞ்சித் தெளிவைக் கொடுத்தேன்.

என்னிடம் ஒருத்திக்குப் போதுமான தாய்ப்பால்தான் இருந்தது. அதுவும் நந்தினிக்கே போயிற்று. கௌரி கொஞ்சக் காலம் பொறுக்கட்டும், பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மா கைவசம் இருக்கும்போது என்ன பயம்? நோயாளிக்குப் பக்கத்திலேயே மருந்து வைத்திருக்கிறவள் போலத்தான் நான் இருந்தேன். மெலிந்தவளை மிருசுவிலுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன், பிறகு மற்றவளைக் கொண்டுபோனேன். அங்கேயும் மா பிடித்துக்கொண்டது. அடுத்தது வரணிக்குப் போக வேண்டும் என்று நினைத்து வைத்தேன். வெளியே இரண்டு பேரையும் நந்தினி என்றே கூப்பிட்டேன். கௌரியும் அந்தப் பெயருக்குத் தலை திருப்பப் பழகிவிட்டாள். கெட்டிக்காரி.

வீட்டுக்கு யாரும் வந்தால் கௌரி பின்னறையில் இருப்பாள். அழுகைச் சத்தம் வெளியே கேட்கும் என்ற கவலை முதலில் இருந்தது. போகப்போக அவள் அழுவதைக் குறைத்துக்கொண்டாள். ஒருநாள் அவளுடைய உதட்டோரத்தில் மா ஒட்டியிருந்ததைக் கண்டேன். துஷ்யந்தியின் வேலை. நான் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. மாத் தகரத்தை எடுத்து அவளுக்கு எட்டாத உயரத்தில் உறியிலே வைத்தேன். நான் கொடூரக்காரி என்று எழுதப்போகிறீர்கள் என்றால், நாலு பிள்ளைகளில் ஒன்றின்மீதும் நான் கை வைத்ததில்லை என்பதையும் பக்கத்திலே எழுதுங்கள்.

நந்தினிக்கு முதல் பல்லு முளைத்தது. பல்லுக்கொழுக்கட்டை கொட்டவேண்டும் என்று பாலேஸ்வரிதான் ஆசைப்பட்டாள். எனக்கும் அது நல்லதாய்ப் பட்டது. பெண்கள் கூடுகிற சடங்கு, எல்லாரும் கைக்குழந்தைகளோடு வருவார்கள். நந்தினி மாவிலேயே கொழுக்கட்டை அவித்து, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டுப் பிரட்டி வைத்தேன். மிருசுவில் பெண்களுக்கும் சொல்லி அனுப்பினேன். வீடு நிறைந்துவிட்டது. நந்தினியைப் பலகையிலே இருத்தி, தலையிலே வெள்ளைத்துணி விரித்து, மாமி முறைக்குப் பாலேஸ்வரி கொழுக்கட்டையைக் கொட்டினாள். முன்னால் தட்டிலே புத்தகம், பேனா, கண்ணாடி, ஒரு சங்கிலி. பிள்ளை எதை எடுக்கும் என்று எல்லாரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் வாழ்க்கையிலே நான் மகிழ்ச்சியாய் இருந்த நாள்களை எண்ணினால் அதுவும் ஒன்று.

அப்போது பின்னறைக் கதவு திறந்தது. துஷ்யந்தி, கௌரியை இடுப்பிலே தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"அம்மா, இவளுக்கும் பல்லு வந்திருக்கு. நான் விரல் வைச்சுப் பாத்தனான். இவளுக்கும் கொட்டுங்கோவன்."

எனக்கே அது தெரியாது. சாப்பாடில்லாத வாயிலும் பல்லு முளைக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. துஷ்யந்தி தங்கச்சியைப் பலகையிலே நந்தினிக்குப் பக்கத்தில் இருத்தினாள். கௌரியால் நிமிர்ந்து இருக்க முடியவில்லை, சரிந்தாள். புத்தகத்தையோ சங்கிலியையோ அவள் பார்க்கவில்லை. நந்தினியின் மடியிலே விழுந்து கிடந்த கொழுக்கட்டையை எடுத்து வாயிலே வைத்தாள்.

பாலேஸ்வரி இரண்டு பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "எங்களுக்கு முதல் காட்டின பிள்ளை உவளே?" என்று கேட்டாள்.

"ஓம்."

"அப்ப ஏன் இன்னும் உப்பிடிக் கிடக்கிறாள்?"

"இன்னும் வரணிப் பக்கம் போகேல்லை" என்றேன்.

கேட்டதற்கு உண்மையைத்தான் சொன்னேன். அதற்கு அவள் ஏன் அப்படிக் கத்தினாள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கௌரியை என் வீட்டிலிருந்து பறித்துக்கொண்டு போனார்கள். பாலேஸ்வரியின் புருசன் சைக்கிளை எடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே வழியில் முடிந்துவிட்டது என்று பிறகு வந்து சொன்னார்கள். என் மடியிலே விட்டிருந்தால் வரணி முடிந்தவுடன் நான் தேற்றி எடுத்திருப்பேன். முன்னொருமுறை தேற்றியவள்தானே நான்.

மற்ற மூன்று பிள்ளைகளையும் யாரோ வைத்திருக்கிறார்களாம். நல்லது. உயிரோடு, பல்லோடு, சதையோடுதான் அவர்களை நான் கையளித்தேன். அந்த ஊரிலே எத்தனை பிள்ளைகள் அந்த வருடம் என் மாவால் எழுந்து நடந்தார்கள் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. ஒருத்தியைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். துஷ்யந்தி என்னோடு கதைக்க மாட்டாள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். வளர்ந்து அவளும் நாலு பிள்ளை பெற்று, கையிலே ஒன்றுமில்லாமல் ஒரு தென்னங்காணி மூலையில் நிற்கட்டும். அப்போது வந்து கதைக்கட்டும்.

எனக்குத் தாங்க முடியாமல் இருப்பது வேறொன்று. வீட்டிலே இருந்த சரைகளையெல்லாம் அந்தப் பெண்கள் கொண்டுபோய் வேலியோரத்தில் கொட்டினார்களாம். நஞ்சு என்று சொன்னார்களாம். பசித்த பிள்ளைகள் இருக்கிற ஊரிலே சாப்பாட்டை மண்ணிலே கொட்டுவதுதான் பாவம். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், பட்டினி போட்டேன் என்று எழுதுங்கள், கொன்றேன் என்றும் எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் மாவிலே ஒரு குறையும் இல்லை என்பதையும் எழுத வேண்டும். கௌரி அதைச் சாப்பிட்டிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள்.