பொன்னழகின் நெற்றி

தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் ரங்கசாமி அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, மறைந்த ஓவிய ஆசிரியர் சுப்புராஜ் அவர்களிடம் படித்தவர்களே, பழகியவர்களே, அனைவருக்கும் வணக்கம். மகளிர் பள்ளியில் ஓவியம் கற்பிப்பவள் நான். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. அதை எதிர்பார்க்காமல் கேளுங்கள்.

எனக்கு முன் பேசியவர்கள் பள்ளி நாடகங்களுக்கு ஐயா தீட்டிய திரைச்சீலைகளைச் சொன்னார்கள். திண்டுக்கல்லில் அவர் எழுதிய பெயர்ப்பலகை இல்லாத தெரு உண்டா என்று கேட்டார்கள். எல்லாம் உண்மை. நான் சொல்லப்போவது அவர் வீட்டுச் சுவரில் இருக்கும் ஒரே ஒரு படத்தைப் பற்றி. அவருடைய துணைவியார் சொர்ணலட்சுமி அக்காவிடம் கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன்.

ஐம்பத்தாறாம் ஆண்டில் எழுதிய படம். அந்த வீட்டின் ஒரு மாலை நேரம். அக்கா சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலையில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரிக்கிறார். பக்கத்தில் மகள் பொன்னழகு மடி நிறையக் கனகாம்பரத்தைக் கொட்டிக்கொண்டு தொடுக்கிறாள். நூலின் ஒரு முனை அவள் கால் கட்டைவிரலில். ஆணியில் ஐயாவின் சட்டை தொங்குகிறது, அவர் இல்லை. "நீங்க எங்கங்கய்யா?" என்று கேட்டேன். "நான்தான் பாத்துக்கிட்டு இருக்கேனே டீச்சர்" என்றார்.

மறு ஆண்டு பொன்னழகு காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்குப் புகைப்படம் ஒன்றுகூட இல்லை. ஸ்டுடியோவுக்குப் போகலாம் என்று அவள் கேட்டபோதெல்லாம், "வீட்டுலயே படம் போடுறவன் இருக்கேன், கடைக்காரன்கிட்ட எதுக்குப் போகணும்?" என்று ஐயா சிரித்திருக்கிறார்.

ஆகவே அந்தப் படமே பொன்னழகு ஆயிற்று. வெள்ளிக்கிழமைதோறும் அக்கா பழைய பொட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, படத்தில் அவள் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைப்பார். துடைக்கத் துடைக்க வண்ணம் தேய்ந்தது. நெற்றி போயிற்று. புருவம் போயிற்று. "கண்ணாடி போட்டுடுறேன், அதுமேல வச்சுக்க" என்றார் ஐயா. "கண்ணாடிக்குப் பொட்டு வைக்கவா பிள்ளையப் பெத்தேன்?" என்று கேட்டார் அக்கா.

ஐயா தூரிகையை எடுத்தார். அழிந்த முகத்தை மறுபடி எழுதுவார். காய்வதற்குள் அக்கா குங்குமச் சிமிழோடு வந்து நிற்பார்.

"செத்த பொறு புள்ள, ஈரம் காயட்டும்."

"ஏன், இப்பத்தான் தலைக்கு ஊத்திக்கிட்டு வந்தாளாக்கும்?"

இருவரும் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். அழித்தவர் தாய், எழுதியவர் தகப்பன். அப்படித்தான் அந்த வீட்டில் ஒரு பிள்ளை வளராமல் வாழ்ந்தாள்.

இன்று எழுதிய கை போய்விட்டது. அழித்த கை இருக்கிறது. தன் நெற்றியில் இனி வைத்துக்கொள்ளாத குங்குமத்தை மகள் நெற்றியில் வைத்துக்கொண்டிருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை அக்கா, "புருவம் மங்கிப்போச்சு டீச்சர். செத்த எழுதி விடுங்க" என்றார். பொன்னழகு என் வகுப்பில் முன் பெஞ்சில் உட்கார்ந்தவள். அவள் முகம் எனக்குத் தெரியும் என்று நம்பி எழுதினேன். புருவத்தோடு நில்லாமல் கண்களையும் திருத்தினேன். அக்கா வெகுநேரம் பார்த்தார். "நல்லா இருக்கு டீச்சர்" என்றார். பிறகு சிமிழை மூடி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வைக்கலையாக்கா?"

"வேற வீட்டுப் பிள்ளையா இருக்கு, தாயி."

டர்பன்டைனில் துணியை நனைத்து நான் எழுதியதையெல்லாம் துடைத்தெடுத்தேன். அடியில் ஐயா கடைசியாக எழுதியதில் மிச்சம் இருந்தது: ஒரு கண், பாதிப் புருவம். அதற்கு மேலே அக்கா பொட்டு வைத்தார்.

ஐயாவின் பணியைத் தொடர்வோம் என்று இங்கே உறுதி சொன்னீர்கள். பள்ளியில் தொடருங்கள். திரைச்சீலைகளைத் தொடருங்கள். அந்தச் சுவரில் தொடர யார் இருக்கிறார்கள்? அந்த ஒரு கண் இன்னும் எத்தனை வெள்ளிக்கிழமைக்குத் தாங்கும்?

அதன்மேல் நான் தூரிகை வைக்க மாட்டேன். அது முழுவதும் அழிந்த பிறகும் வைக்க மாட்டேன். சுப்புராஜ் ஐயாவுக்கு என்னால் கொடுக்க முடிந்த உறுதிமொழி இவ்வளவுதான். வெள்ளிக்கிழமைகளில் அந்த வீட்டுக்குப் போவேன். அக்காவுக்குச் சந்தனம் உரைத்துக் கொடுப்பேன்.