பக்கத்து வீட்டில் நலம்

ஒரே வேலையை மறுபடி மறுபடி செய்வது எனக்குப் பிடிக்காது, இன்ஸ்பெக்டர். பிடிக்கும் என்று சொல்பவர்களை நான் நம்புவதுமில்லை.

பக்கத்து வீட்டுக் கலியாணசுந்தரம் என் தாய்மாமா. நாடு விடுதலை பெற்ற மெர்டேக்கா ஆண்டில் பிறந்தவர். யார் தயவும் வேண்டாமென்று காஜா பெராங் வட்டாரத்தில் எங்கள் வரிசையிலேயே தனியாக இருந்தார். மகள் ஜெயா அக்கா பெர்த்தில். அக்காவின் நிம்மதிக்காக ஓர் இணையப் பக்கம் செய்து கொடுத்தேன். காலையில் மாமா கைப்பேசியில் பொத்தானை அமுக்கினால், அங்கே அக்காவுக்கு ‘நலம்’ என்று தெரியும்.

அந்தப் பக்கத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் சில மாதங்களில் காலாவதியாகிவிடும். ஒருமுறை புதுப்பிக்க மறந்தேன். முகவரிக்குப் பக்கத்திலிருக்கும் பூட்டுச் சின்னம் போய், ‘பாதுகாப்பற்றது’ என்ற எச்சரிக்கை வந்தது. அக்கா பதறி அழுதார். ஆகவே ஷெல் ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல் ஒன்றை எழுதினேன். தினமும் காலையில் தானே ஓடும், சான்றிதழின் கெடுவைப் பார்க்கும், நெருங்கியிருந்தால் புதுப்பிக்கும்.

பிறகு மாமா மறக்க ஆரம்பித்தார். “தெனம் இத அமுக்குறதே பெரிய கெர்ஜாவா, வேலையா இருக்குடா. நான் என்ன லிஃப்ட்டு ஓட்டுறவனா?”

அதே ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி சேர்த்தேன். பொத்தானையும் அதுவே அமுக்கியது. ஒரே நேரத்தில் வந்தால் சந்தேகம் வருமே என்று நேரத்தை முன்னேபின்னே மாற்றினேன். வெள்ளிக்கிழமை மாமா கோயிலுக்குப் போவார், அன்று தாமதம்.

அப்படியும் அக்கா விடவில்லை. “டேய், அப்பா ஒரு நாளும் மறக்கலையே. நீதான அமுக்குற?”

“சத்தியமா நான் அமுக்கலக்கா.”

பொய்யில்லை.

திங்கட்கிழமை இரு வீட்டுக்கும் பொதுவான சுவரில் தட்டுவது கேட்டது. மாமா ஆணி அடிக்கிறார் என்று நினைத்தேன். ஆணியை இவ்வளவு மெதுவாகவா அடிப்பார்கள் என்றும் தோன்றியது. சந்தேகம் தீர அந்த இணையப் பக்கத்தைத் திறந்தேன்: பூட்டுச் சின்னம், ‘நலம்’. இயர்போனை மாட்டிக்கொண்டேன்.

மதியம் அக்கா அழைத்தார். “அப்பா போன் எடுக்கல. கொஞ்சம் எட்டிப் பாருடா.”

“நீங்க போன்ல பாருங்கக்கா. நல்லாத்தான் இருக்காரு.”

பார்த்தார். சிரித்தபடியே வைத்துவிட்டார்.

தினமும் மாமாவின் கேட்டில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் மாட்டிவிட்டுப் போகும் நூர்ஜஹான் அக்காதான், முந்தைய நாள் பொட்டலம் அப்படியே தொங்குவதைக் கண்டு உங்களைக் கூப்பிட்டார். மாமா குளியலறையில் வழுக்கி விழுந்து சுவரோரம் கிடந்தார் என்றீர்கள். தட்டியபோதே போயிருந்தால் பிழைத்திருப்பார் என்றும் சொன்னீர்கள்.

அந்த வரியை எழுதியவன் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சான்றிதழ் காலாவதியாகவில்லை. மாமாவைத் தகனத்துக்கு எடுத்துப் போன காலையிலும் ‘நலம்’ என்றே வந்திருக்கிறது. ஸ்கிரிப்ட்டில் பிழையிருந்தால் காட்டுங்கள்.