முன்முனையில் வைக்கும் கல்

முட்டைகளை உடையாமல் காட்டுக்குள் கொண்டுபோக ஒரே வழி, அவற்றை ஓட்ஸ் டப்பாவுக்குள் புதைத்து வைப்பதுதான். கல்யாணமான வருடத்திலிருந்து அப்படித்தான் கொண்டுபோகிறேன். ஒன்றுகூட உடைந்ததில்லை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. எங்கள் அக்டோபர் பயணங்களில் எது எங்கே இருக்க வேண்டும், யார் எதைச் செய்ய வேண்டும் என்பதையெல்லாம் பார்த்துக்கொண்டவள் நான். இது உங்களுக்குப் புரிந்துவிட்டால் மற்றதும் புரிந்துவிடும்.

என் கணவர் ஆர்வோ இருந்தவரை பின்னிருக்கை அவருடையது. கேனோ என்கிற ஒடுக்கமான துடுப்புப் படகில் பின்னால் உட்காருகிறவர்தான் போகும் திசையைத் தீர்மானிப்பவர். முன்னால் இருப்பவர் துடுப்பு போட்டால் போதும். அவர் போன பிறகு பின்னிருக்கை எனக்கு வந்தது, முன்னிருக்கை என் மகன் ரைமோவுக்கு. அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே ஏரி ஏரியாகக் கடப்பேன். அவன் தோள் எப்போது களைக்கும் என்பது அவனுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். நாங்கள் அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். தேவைப்படவில்லை.

பிறகு அவன் கொரினைக் கட்டிக்கொண்டான். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கேனோ. அதனால் அவள் நடுவில், மூட்டைகளோடு உட்கார்ந்து வந்தாள். அதை அவள் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. எதையுமே சிரித்துக்கொண்டு ஏற்கிற சுபாவம் அவளுக்கு. முதல் பயணத்தில், கரடிக்கு எட்டாதபடி சாப்பாட்டு மூட்டையை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னையும் மேல ஏத்திடுங்க, ஹெல்வி. நாள் பூரா மூட்டையோட மூட்டையா வந்திருக்கேன். கரடிக்கு வித்தியாசம் தெரியாது."

"உன்னைத் தின்னா கரடிக்குத்தான் வயித்துவலி" என்றான் ரைமோ. இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். நான் முடிச்சைச் சரிபார்த்தேன்.

அவளை நான் வெறுத்ததில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். காலையில் முதல் கோப்பை காபி அவளுக்குத்தான் ஊற்றுவேன். ஏலக்காய் ரொட்டியின் மொறுமொறுப்பான ஓரத்தை அவளுக்கு விரும்பிக் கொடுத்திருக்கிறேன். அவள் கேட்டு நான் கொடுக்காதது ஒன்றே ஒன்றுதான்.

"ஒரே ஒரு தடவை பின்னால உக்காந்து பாக்கட்டுமா, ஹெல்வி?"

"அதுக்கு நேரம் வரணும்."

"எப்போ? எனக்கு எழுபது வயசு ஆனப்புறமா?"

"அப்போ அம்மாவுக்கு நூறு" என்றான் ரைமோ. "அப்பவும் அந்த சீட்டை விட்டு எந்திரிக்க மாட்டாங்க."

அதற்கும் சிரித்தார்கள்.

இப்போது தண்ணீர் எடுக்கும் விஷயத்தைச் சொல்ல வேண்டும். கரையோரத் தண்ணீரில் இலையும் பாசியும் கிடக்கும். அதனால் குடிப்பதற்கு ஏரியின் நடுவுக்குப் போய் மொண்டு வருவோம். மாலையில் ஒருவர் மட்டும் கேனோவை எடுத்துக்கொண்டு போவது வழக்கம். ஆனால் தனி ஆளாகப் பின்னால் உட்கார்ந்தால் கேனோவின் முன்முனை தண்ணீரைவிட்டு மேலே தூக்கிக்கொள்ளும். காற்று இல்லாதபோது அதனால் ஒன்றுமில்லை. காற்று அடித்தால் தூக்கி நிற்கும் அந்த முனையைப் பிடித்துத் தன் இஷ்டத்துக்குத் திருப்பிவிடும், பக்கவாட்டில் அலை வந்து மோதும். பிறகு எவ்வளவு துடுப்பு போட்டும் பயனில்லை. இதற்காக ஆர்வோ முன்முனையில் ஒரு கல்லை வைப்பார். நாங்கள் வழக்கமாகத் தங்கும் தீவில் அதற்கென்றே ஒரு கல் உண்டு. சாம்பல் நிறம், ஒரு பக்கம் தட்டை, இரண்டு கைகளாலும் அணைத்துத்தான் தூக்க வேண்டும். தண்ணீர் எடுத்து வந்ததும் அதை அடுப்பருகே பழைய இடத்தில் வைத்துவிடுவோம். ரைமோ நடக்கப் பழகியதே அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டுதான்.

கொரின் எங்களோடு வந்த மூன்றாவது அக்டோபர் அது. தீவில் காலை உணவின்போது அவள்தான் பேச்சை எடுத்தாள். ரைமோ ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே தடவிய ரொட்டி.

"ஹெல்வி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ரைமோவுக்கு ஹாலிஃபாக்ஸ்ல வேலை கிடைச்சிருக்கு."

"அவ்வளவு தூரமா?"

"நீங்களும் வந்துடுங்களேன். கடலைப் பாத்த மாதிரி உங்களுக்குன்னே ஒரு ரூம் பாத்து வெச்சிருக்கோம்."

நான் ரைமோவிடம்தான் கேட்டேன். "அடுத்த அக்டோபர்?"

"பாக்கலாம்மா" என்றான்.

அவன் என்னிடம் அதுவரை 'பார்க்கலாம்' என்று சொன்னதில்லை. வருகிறேன் என்பான், இல்லை என்பான். 'பார்க்கலாம்' கொரினுடைய சொல். கடையில், தொலைபேசியில், யாரையும் நோகடிக்காமல் மறுப்பதற்கு அவள் வைத்திருந்த சொல். என் பிள்ளையின் வாயிலிருந்து அது வந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் நாற்காலிகள் இடம் மாறியிருப்பதைப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருந்தது. யார் மாற்றியது என்று கேட்பதைவிட, எடுத்துப் பழைய இடத்தில் போடத்தானே கை போகும்.

"நல்ல செய்திதானே" என்று சொல்லிவிட்டு மணல் போட்டுப் பாத்திரம் துலக்கினேன்.

அன்று மாலை தண்ணீருக்கு நானே போவதாக இருந்தேன். கல்லைத் தூக்கி முன்முனையில் வைத்தும் விட்டேன். ஆகவே இதை நான் முன்பே திட்டமிட்டதாகச் சொன்னால் அது நியாயமில்லை. ரைமோ ரம்பத்தோடு தீவின் மறுபக்கம் விறகு வெட்டப் போயிருந்தான். கொரின் தண்ணீர் கேனைக் கொண்டுவந்து கொடுத்தாள். எங்கள் துறை தீவின் மறைவில் இருக்கிறது. அங்கே ஒரு இலைகூட அசையவில்லை. ஆனால் மறைவுக்கு அப்பால், நடு ஏரியில், தண்ணீர் கறுத்து, சொரசொரவென்று மாறியிருந்தது. அங்கே காற்று பலமாக அடிக்கிறது என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. நடுவில் உட்கார்ந்து வருகிறவள் இதையெல்லாம் கவனிக்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை.

"இன்னிக்கு நீ போயிட்டு வா" என்றேன். "பின்னால உக்காந்து போ."

அவள் முதலில் நம்பவில்லை. "நெஜமாவா?" என்று கேட்டாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் தலைமுடியில் புகை வாசனையும் என் சோப்பின் வாசனையும் இருந்தன. அவளுடைய லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகளை நானே மாட்டிவிட்டேன். அதை இழுத்தும் பார்த்தேன். விசில் தோளில் தொங்கியது.

பின்னிருக்கையில் உட்கார்ந்தவள் முன்னால் பார்த்தாள்.

"இந்தக் கல்லு இருக்கட்டுமா, ஹெல்வி? நீங்க எப்பவும் வெச்சுட்டுத்தானே போவீங்க?"

ஆம், அவள் கேட்டாள். மூட்டைகளுக்கு நடுவே இருந்தபடி அதைக் கவனித்திருக்கிறாள். நான் அவளைப் பற்றி நினைத்ததைவிட அவள் கெட்டிக்காரி. அந்தக் கணத்தை நான் பலமுறை திரும்பிப் பார்த்திருக்கிறேன். மனம் படபடத்ததா, கை தயங்கியதா என்று தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை. பாதம் குளிர்ந்தது மட்டும் நினைவிருக்கிறது.

"அது என்னை மாதிரி கிழவிகளுக்கு" என்றேன். "உனக்கு எதுக்குடி வீண் சுமை?"

குனிந்து கல்லைத் தூக்கினேன். கேனோவைத் தள்ளிவிட்டேன். கல்லைக் காலடியில் வைத்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்துகொண்டேன்.

மறைவைத் தாண்டும்வரை நன்றாகவே போனாள். அதன் பிறகு நடந்தது, நான் சொன்ன மாதிரிதான். முனை மேலே தூக்கியது, திரும்பியது. அவள் எதிர்ப்பக்கம் துடுப்பு போட்டாள், மறுபடியும் திரும்பியது. கேனோ உயரம் குறைவதுபோல் தெரிந்தது. அலை உள்ளே வந்துகொண்டிருந்திருக்கும். அப்போதுதான் விசில் கேட்டது.

மரங்களுக்கிடையே ரைமோ ஓடி வந்தான், தலையெல்லாம் மரத்தூள். "யாரு ஊதுறது? கொரினா?"

"இன்னிக்குப் பின்சீட்டு அவளுக்குக் குடுத்திருக்கேன். நடுவுல போய்ச் சேர்ந்ததும் ஊதச் சொன்னேன்."

அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. சின்ன வயதில் பிறந்தநாள் காலையில் அப்படிப் பார்ப்பான். "நீங்களா குடுத்தீங்க?" என்றான்.  மேற்கில் சூரியன் இறங்கியிருந்தது. தண்ணீர் முழுக்க மின்னிக் கண் கூசியது. அவனுக்குக் கறுப்பாக ஒரு புள்ளிதான் தெரிந்திருக்கும்.

"மூணு மூணா ஊதுற மாதிரி இருக்கே?" என்றான். மூன்று முறை என்றால் உதவி என்று பொருள். அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

"சந்தோஷத்துல எத்தனைன்னு பாத்தா ஊதுவா? கையைக் காட்டு. அவ பாக்கட்டும்."

அவன் பாறையின் உச்சியில் ஏறி நின்று இரண்டு கைகளையும் வீசினான். "ஏய் கொரின்! கேப்டன் ஆயிட்டியா!" என்று கத்தினான். தொப்பியைக் கழற்றிச் சுழற்றினான். குதித்தான்கூட. விசில் இன்னும் வேகமாக வந்தது. அவன் சிரித்துக்கொண்டே மறுபடி கையசைத்தான். அவளுக்கு அவன் தெரிந்திருப்பான். வெளிச்சம் அவன் முகத்தில்தானே விழுந்தது.

பிறகு விசில் நின்றது.

கவிழ்ந்த கேனோ அடையாளம் தெரியும் தூரத்துக்கு ஒதுங்கி வந்தபோது அவன் பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தான். நான் அவன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன். அக்டோபர் தண்ணீரில் கையும் காலும் எவ்வளவு நேரம் வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். லைஃப் ஜாக்கெட் ஆளை மிதக்க வைக்கும், அவ்வளவுதான். அவன் என் கையைக் கடித்தான். தழும்பு இருக்கிறது, பாருங்கள். நான் விடவில்லை. எந்தத் தாயும் விட மாட்டாள்.

விபத்து என்று முடித்தார்கள். அண்டை வீட்டார் சாப்பாடு கொண்டுவந்தார்கள். கொரினின் அம்மா என் கைகளைப் பிடித்துக்கொண்டு, பின்னிருக்கை கிடைக்க வேண்டும் என்று மகள் எவ்வளவு ஆசைப்பட்டாள் தெரியுமா என்று அழுதார். கடைசி நாளில் அதைக் கொடுத்ததற்கு நன்றி சொன்னார். ரைமோ ஹாலிஃபாக்ஸ் போகவில்லை. தன் பழைய அறைக்கே திரும்பி வந்தான். அவன் சட்டைகளை மறுபடியும் நான் இஸ்திரி போட்டேன். அடுத்த அக்டோபரில் நான் மூட்டை கட்டியபோது மறுக்காமல் வந்தான். அதற்கடுத்த வருடமும். முன்னிருக்கையில் அதே முதுகு. கொஞ்சம் வளைந்திருந்தது, உண்மைதான். நிமிர்ந்துவிடும் என்று நினைத்தேன்.

இந்த வருடம், முந்தாநாள், தண்ணீர் எடுக்கப் போக அவன் கல்லைத் தூக்கினான். தூக்கியவன் அப்படியே நின்றான்.

"அம்மா, அன்னிக்கு இந்தக் கல்லு எங்க இருந்துச்சு?"

நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளையிடம் நான் எதையும் மறைத்ததில்லை, பொய் சொன்னதும் இல்லை. விசில் விஷயத்தைப் பொய் என்று நீங்கள் சொல்லலாம். அவள் எதற்கு ஊதினாள் என்று கரையிலிருந்து யாருக்குத் தெரியும்?

"என் காலடியில" என்றேன்.

"அவ எடுத்து வெச்சாளா?"

"நான்தான் எடுத்தேன். அவ கேட்டா. வேணாம்னு சொன்னேன்."

அவன் கல்லைக் கீழே இறக்கி வைத்தான். பிறகு கூடாரத்தையும் சாப்பாட்டு மூட்டையையும் என் பக்கம் நகர்த்தி வைத்தான். தீப்பெட்டியைக் கொடுத்தான். காபித்தூளைக்கூட எடுத்து வைத்தான். கோபத்தில் இருக்கிற ஆள் அப்படிச் செய்வானா? அவன் சொல்லி, நீங்கள் போலீஸ் படகில் வந்து என்னை ஏற்றியபோது நான் பசியோடு இல்லை. குளிரிலும் இல்லை. அதைக் கவனித்திருப்பீர்கள்.

மறைவுக்கு அப்பால் தண்ணீர் அன்றைக்குப் போலவே கறுத்துக் கிடந்தது. அவன் கல்லை முன்முனையில் வைத்தான், அசைத்துப் பார்த்து இறுக்கினான், பின்னிருக்கையில் உட்கார்ந்தான். கேனோ கொஞ்சமும் விலகாமல் நேராகப் போனது. நான் பாறையின் உச்சியில் ஏறி நின்று, அவன் மறையும்வரை இரண்டு கைகளையும் வீசிக்கொண்டிருந்தேன். அவன் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. காற்றுக்குள் போகும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது. அதுவும் நான் சொல்லிக்கொடுத்ததுதான்.