ஏழு மீனுக்கு ஒரு பம்ப்

— அந்தப் பம்பில கை வைக்காதை எண்டு உனக்கு எத்தனை தரம் சொல்லுறது?

— கை வைக்காம எப்படிங்க ஐயா தொட்டியப் பூட்டிச் சரி பண்ணுறது? மீனுங்களப் பாருங்க. ஏழும் கண்ணாடியில ஒட்டிக்கிட்டு நிக்குது. தண்ணி அடிக்கிற வேகம் அப்படி.

— எடேய் இருளப்பன், நான் ஆர் தெரியுமோ? எஞ்சினியர் சிவபாதசுந்தரம். முப்பது வருசம் நீர்ப்பாசன இலாகாவில குளம் குளமாத் தண்ணி திறந்து விட்டவன். தண்ணி ஓடுற விதத்தை நீ எனக்குச் சொல்லித் தாறியோ?

— வயலுக்கு வுட்டீங்க, சரிங்க. இது மூணடித் தொட்டிங்க. இந்தப் பம்ப் கிணத்துல போடலாம்.

— பம்ப் பெரிசெண்டாத் தண்ணி சுத்தம். சின்னப்பிள்ளைக்கும் தெரியும். தேயிலைக்குள்ள பிறந்த உனக்கு விளங்காது.

— தேயிலைக்குள்ள பொறந்தவன்தாங்க. ஆனா கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனையில எட்டு வருசமா மீன் தொட்டிதான் பூட்டுறேன். போன மாசம் உங்க வீட்டுல எத்தனை செத்துச்சுங்க?

— ஒன்பது. உன்ர முதலாளி வித்தது நோய் மீன்.

— நோய் இல்லீங்க. இந்தப் பில்டர் பஞ்சு ஏன் இப்படி மஞ்சளா இருக்கு?

— வெள்ளிக்கிழமை வீடு கழுவேக்க மனிசி அதையும் மஞ்சள் தண்ணியில போட்டுக் கழுவுறவ. சைவ வீடு. ஊத்தையை வச்சிருக்கேலுமோ?

— அட கடவுளே! அந்த ஊத்தைதாங்க, அதுல இருக்கிற நல்ல கிருமிதான், தொட்டித் தண்ணியச் சுத்தமாக்குறது. மாசத்துக்கு ஒருக்கா, தொட்டித் தண்ணியிலயே லேசா அலசினாப் போதும்.

— ஊத்தை சுத்தமாக்குதாம்! நல்ல கதை. பிறஷருக்கு மீனைப் பாத்துக்கொண்டு இரும் எண்டு டொக்டர் சொல்லாட்டி, இந்தச் சனியனுக்கும் உனக்கும் வெள்ளவத்தையில, என்ர வீட்டுக்குள்ள என்ன வேலை?

— கோவிக்காதீங்க. பம்பைக் குறைச்சு, பைப்பை இப்படிக் கண்ணாடிப் பக்கம் திருப்பி வுடுறேன். தண்ணி அதுல மோதி மெதுவாத் திரும்பும். மீனு ஒதுங்க ஒரு மூலை கிடைக்கும்.

— ஒதுங்க மூலையோ? கட்டிலும் தலகாணியும் போட்டு விடன்.

— இந்தாப் பாருங்க, நீந்துது.

— ம்ம். குருட்டு வாக்கில சரிவந்திட்டுது. கெதியாச் சாமானைக் கட்டிக்கொண்டு போ.

— ஐயா, ஒரு துண்டு எழுதித் தருவீங்களா? உங்க வீட்டு வேலைக்கு வந்தவன்னு. என் அடையாள அட்டை, ஐசி, புதுப்பிக்கக் குடுத்திருக்கு, ரசீதுதான் கையில. சந்திக்குச் சந்தி செக்கிங். போன கிழமை எங்க கடை சிவமணிய ரெண்டு நாள் உள்ள வச்சிருந்தாங்க.

— என்ர கையெழுத்து உனக்கோ? பெரிய பெரிய பைலில போட்ட கையெழுத்தடா அது. போற வாறவனுக்கெல்லாம் போட்டுக்கொண்டு இருக்கேலாது.

— சரிங்க. பின்னறைத் தம்பிகிட்டச் சொல்லிட்டுப் போறேன். வாளி வாளியாத் தண்ணி தூக்கியாந்து குடுத்தாரு, பாவம்.

— எந்தத் தம்பி? இஞ்ச ஒரு தம்பியும் இல்லை!

— பயப்படாதீங்க ஐயா. பொலிஸ்ல பதியலைன்னு அவரே சொன்னாரு.

— விசரன்! கண்ட கண்டவனோட வாய் குடுத்திருக்கிறான். இஞ்ச பார், அவன் என்ர தங்கச்சீன்ர மகன். சண்டை நடக்கிற வன்னியில இருந்து வந்து பத்து நாள். பதியப் போனா, புலியெண்டு அப்பிடியே உள்ளுக்குப் போட்டிடுவாங்கள். உன்ர வாயால ஒரு சொல்லு வெளியில போச்சோ, தெரியும்!

— கதவைத் தட்டுறாங்க ஐயா.

— மஹத்தயா! ஐயா! பொலிஸ். கதவு திற.

— ஓம் சேர், வாங்கோ சேர், இருங்கோ சேர்.

— இந்த வீடு எத்தனை ஆள்?

— நானும் மனிசியும்தான் சேர். அவ கோயிலுக்குப் போட்டா. இந்தாங்கோ பதிவுத் துண்டு.

— இவன் யாரு? ஐசி எங்க?

— புதுப்பிக்கக் குடுத்திருக்குங்க சார். இந்தா ரசீது. காலையிலயே இங்க மீன் தொட்டி பூட்ட வந்தேன். ஐயாவைக் கேளுங்க, சொல்லுவாரு.

— மஹத்தயா, இவனைத் தெரியுமா?

— எனக்கோ? இல்லை சேர். கடைக்காரன் அனுப்பினது. ஆர் எவர் எண்டு எனக்கு ஒண்டும் தெரியாது. உந்த ஆக்களை நம்பேலாது சேர். கொண்டு போறதெண்டாக் கொண்டு போங்கோ.

— சரி. வா, ஜீப்பில் ஏறு. கொஞ்சம் நில்லு. நீ காலையில இருந்து இந்த வீட்டு உள்ளே. பின்னால அறை கதவு மூடி இருக்கு. அங்க ஆள் இருக்கா? உண்மை சொல்லு, உன்னை இங்கயே விடுறது.

— தம்பி... இருளப்பன்... குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டு வரட்டோ உங்களுக்கு?

— வேணாங்க ஐயா. பின்னறையில யாரும் இல்ல சார், வாளி எடுக்க நான்தான் போயிட்டு வந்தேன். வாங்க, ஜீப்புக்குப் போவோம்.